உரிமையாளரைக் கடைசியில் கேட்டேன்

என் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஐந்து பள்ளிக்கூடங்கள் பார்த்தேன். ஆறாவது பள்ளிக்கூடத்துக்குப் போவதற்குள் வேலைக்குப் போய்விட்டேன். கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலை, பிறகு ஜோர்தானில் இன்னொன்று, பிறகு திரும்பி வந்து முகமாலைப் பக்கம் ஆறு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை. எந்த இடத்திலும் எனக்குக் கால் தரிப்பதில்லை. கண்ணிவெடி வேலையின் ஒப்பந்தம் முடிந்தபோது வயது முப்பத்தெட்டு. சொத்து ஒரு ஸ்கூட்டியும் ஒரு தகரப் பெட்டியும்.

கிணறு பதிகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். விண்ணப்பத்தைக் கைப்பேசியில்தான் நிரப்ப வேண்டும். ‘கல்வித் தகைமை’ என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விழுந்தது: சாதாரண தரம், உயர்தரம், பட்டம், பிற. எட்டாம் வகுப்புக்கு அதில் இடமில்லை. நிரப்பாமல் அடுத்ததற்குப் போகவும் விடாது. பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. கட்டாயம் பதில் சொல் என்பதற்கு அதுதான் அடையாளம். ‘பிற’ என்பதைத் தொட்டு, ‘நிலத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கத் தெரியும்’ என்று எழுதினேன். எடுத்தார்கள். அந்த வாக்கியத்துக்காக இல்லை. மூன்று பேர்தான் விண்ணப்பித்திருந்தோம். மூவரில் சொந்த வாகனம் வைத்திருந்தது நான் மட்டும்.

குடாநாட்டின் தோட்டக் கிராமங்களில் பல கிணறுகளின் தண்ணீர் கெட்டுவிட்டது. பயிருக்குப் போடும் உரம் நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் ஓட்டைகளுக்குள்ளால் ஓடிக் கிணற்றில் சேர்கிறது. பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று, நாங்கள் மிட்வைவ் என்று சொல்லும் குடும்பநல மாது வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் நிறுவனம் அப்படிப்பட்ட கிணறுகளைப் பதிந்து, தண்ணீரைச் சோதித்து, அதைக் குடிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி கொடுக்கும். வாரத்துக்கு இரண்டு தரம் பவுசர் லொறி வந்து அதில் நல்ல தண்ணீர் நிரப்பும். பட்டியலில் பெயர் உள்ள வீட்டுக்குத் தாங்கி. இல்லாத வீட்டுக்கு இல்லை.

பட்டியலுக்கு ஆட்களைச் சேர்ப்பது ஒரு இணையப் படிவம். கொழும்பில் இருந்து வந்தது. நூற்றுச் சொச்சம் கேள்விகள், தலைப்பில்லை, பிரிவில்லை, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். முதலாவது கேள்வி, ‘கிணற்றின் உரிமையாளரது முழுப் பெயர்’. இரண்டாவது, மலசலகூடம் எவ்வளவு தூரத்தில். மூன்றாவது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை. நாலாவது, கிணற்றின் ஆழம். ஐந்தாவது, குடும்ப அட்டை இலக்கம். ஆறாவது, தண்ணீரின் நிறம். நாலாவதுக்குக் கிணற்றடிக்கு நடக்க வேண்டும், ஐந்தாவதுக்கு வீட்டுக்குள் திரும்ப வேண்டும், ஆறாவதுக்கு மறுபடியும் கிணற்றடி. நடுவில் சிக்னல் போனால் முழுவதும் அழிந்துவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உடுப்பிட்டியில் ஒரு ஐயா என்னோடு மூன்றாம் தரம் கிணற்றடிக்கு வந்தபோது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

“பிள்ளை, இது கிணறோ கோயிலோ? இன்னும் எத்தினை தரம் சுத்தோணும்?”

“ரெண்டு தரம் ஐயா.”

“அப்ப நில், கற்பூரமும் எடுத்துக்கொண்டு வாறன்.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். படிவத்தில் பிழை இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் கால் வலிக்கிற பிழை என்றுதான் நினைத்தேன்.

பண்டத்தரிப்பில் ஒரு குறுகலான ஒழுங்கைக்கு நான் போனது ஒரு முற்பகல். நாலு வீட்டு வளவுகள் வந்து கூடுகிற மூலையில் ஒரே ஒரு கிணறு. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதினம் இல்லை. காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. ஒருவருடைய எல்லைக்குள் கிணறு நிற்கும். மற்றவர்களுக்கு அதில் பங்கு என்று காணி உறுதியில் எழுதியிருக்கும்.

மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. அவரை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். கணவர் இல்லை. எப்படி இல்லை என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் அது எழுபத்து மூன்றாவது கேள்வி.

“கிணத்தின்ரை சொந்தக்காரர் ஆர் அன்ரி?”

“பெரியையா.”

“அவர் எங்கை?”

“கனடாவிலை. போய் முப்பது வரியமாச்சு.”

“அப்ப உங்கடை பேரைப் போடட்டோ?”

அவர் பதறிவிட்டார். “ஐயோ பிள்ளை! அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கை கிணத்துக்கு என்ரை பேரைச் சொன்னா மரியாதையே? கேள்விப்பட்டாரெண்டால் ரெலிபோனிலையே கிழிச்சுப்போடுவார்.”

நான் பெரியையாவின் பெயரைப் போட்டேன். நாலு வீட்டிலும் அதே கதைதான். ஒரு வீட்டுக்கு அவர் பெரியையா, ஒரு வீட்டுக்குச் சித்தப்பா, இன்னொரு வீட்டுக்கு மாமா. முப்பது வருடமாக அந்தக் கிணற்றில் ஒரு வாளி அள்ளாத மனிதர். எல்லாரும் மரியாதையோடு அவருடைய பெயரைத்தான் சொன்னார்கள். நானும் நாலு தரம் அதையே தட்டினேன். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நானும் இந்த ஊர்தானே.

அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் குடிக்கும்போது எதிரே நின்றுகொண்டு கேட்டார்.

“தாங்கி எப்ப வரும்?”

“பட்டியல் வந்து ரெண்டு கிழமையிலை எண்டு சொல்லுகினம்.”

“மகளுக்கு ஏழு மாசம். தலைப்பிள்ளை. மாமிக்காரி சொல்லிப்போட்டா, குடிக்கத் தண்ணி இல்லாத வீட்டை பிள்ளைப்பெத்தவளை விடமாட்டன் எண்டு.”

“அப்பிடியே சொன்னவ?”

“சொன்னதிலை பிழை இல்லை பிள்ளை. நானும் அந்த மிட்வைவ் சொன்னதைக் கேட்டனான்தானே. ஆனா தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டை வராதவள், பேந்து என்னத்துக்கு வரப்போறாள்?”

பட்டியல் வந்தால் எல்லாம் சரி வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை நான் கொடுத்திருக்கக் கூடாது.

மூன்று கிழமையில் பட்டியல் வந்தது. அது பிரதேச செயலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட அன்றைக்கே எனக்குத் தொலைபேசி வந்தது.

“என்ரை தேத்தண்ணி குடிச்சனியெல்லோ?”

குரல் தெரிந்தது. “ஓம் அன்ரி.”

“அப்ப என்ரை பேரை என்ன செய்தனி?”

வைத்துவிட்டார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். நல்லூரில் ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பக்கத்து மண்டபத்தில் ரியூஷன். ஒலிபெருக்கியில் இரசாயனவியல் ஆசிரியர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பார். நாங்கள் அதற்கு மேலால் கதைக்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் என்னைவிடப் பத்து வயது குறைந்த தம்பி. பல்கலைக்கழகம் முடித்தவர், பண்பானவர், பயந்தவர். கணினியில் தேடிப் பார்த்தார். அந்த ஒழுங்கையில் ஒரு வீடு மட்டும் இருந்தது. நான் முதலில் போன வீடு.

“ஒரே பேர், ஒரே ஒழுங்கை, நாலு பதிவு அக்கா. ஒரு ஆளே நாலு தரம் பதிஞ்சிருக்கு எண்டு சிஸ்டம் நினைச்சிட்டுது. ஒண்டை விட்டிட்டு மூண்டை வெட்டிப்போட்டுது.”

“நாலு வீட்டுக்கும் குடும்ப அட்டை இலக்கம் வேறை வேறையெல்லோ?”

“அது எத்தினையாவது கேள்வி?”

“அஞ்சாவது.”

“சிஸ்டம் முதலாவதைத்தான் பாக்கும்.”

“திருத்தேலாதோ?”

“மேன்முறையீடு போடலாம். மூண்டு மாசம் எடுக்கும்.”

“அந்தப் பெட்டைக்கு எட்டாம் மாசம் தம்பி. உங்கடை மேன்முறையீடு முடியப் பிள்ளை பிரண்டு படுக்கும்.”

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். “நான் என்ன செய்யிறது? படிவத்தை நாங்கள் தொடேலாது அக்கா. கேக்கிறாக்கள் அவை. நாங்கள் நிரப்புறாக்கள்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் பற்றிக்கொண்டது. என் வாழ்க்கை முழுக்க நான் நிரப்புகிற ஆள்தான். முகாமில் அரிசிக்கு ஒரு படிவம், கூடாரத் தறப்பாளுக்கு ஒரு படிவம், காணாமல் போனவருக்கு ஒரு படிவம், திரும்பி வந்ததற்கு ஒரு படிவம், ஜோர்தானுக்குப் போக ஒன்று, அங்கே கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்க ஒன்று. எத்தனையோ பேர் போட்ட கட்டங்களுக்குள் என்னை மடக்கி மடக்கி வைத்திருக்கிறேன். ஒரு கேள்வியைக்கூட நான் வைத்ததில்லை.

மேசையில் உட்கார்ந்து நான் பதிந்தவை எல்லாவற்றையும் திறந்தேன். பங்குக் கிணறு ஒவ்வொன்றிலும் இதுதான் நடந்திருந்தது. உடுப்பிட்டியில், கற்பூரம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்ற ஐயாவின் வீடும் வெட்டுப்பட்டிருந்தது. அவர் சொன்னது லண்டனில் இருக்கிற அண்ணையின் பெயரை. வெட்டியது இயந்திரம். வெட்டக் கொடுத்தது என் விரல்.

அன்று மத்தியானமே படிவம் முழுவதையும் ஒரு கடையில் அச்செடுத்தேன். நல்லூரில் நான் இருந்த அறையின் தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு கேள்வியாக வெட்டினேன். மின்விசிறி போட்டால் தாள்கள் பறக்கும், அதனால் போடவில்லை. வியர்வை சொட்டியது. நூற்றுச் சொச்சம் துண்டுகள் என்னைச் சுற்றிக் கிடந்தன.

கண்ணிவெடி வேலையில் முதல் நாளே ஒன்றைச் சொல்லித் தருவார்கள். நிலத்தை முழுதாகப் பார்க்காதே. ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒரு கோடு. முன்னால் ஒரு தடி. தடிக்கு இந்தப் பக்கம் முழுவதும் பார்த்து முடிந்தால்தான் தடியை அந்தப் பக்கம் நகர்த்தலாம். இடையில் வேறொரு மூலை ஞாபகம் வந்து அங்கே ஓடினால், ஓடினவருடைய கால் அவரிடம் இருக்காது. அப்படி ஒருத்தி ஓடி நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்தைச் செய்தவர்களுக்கு அந்த வேலை தெரியாது. அவர்கள் வளவெல்லாம் ஓடித் திரிந்திருந்தார்கள்.

முதலில் விஷயத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீர், சுகாதாரம், குடும்பம் என்று. சரி வரவில்லை, மலசலகூடம் எல்லாக் குவியலிலும் இருந்தது. பிறகு வேறு மாதிரி யோசித்தேன். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது என் கால் எங்கே நிற்கிறது? வாசல் படலையடியில் கேட்கிறவை ஒரு குவியல். கிணற்றடியில் நின்று பார்த்து எழுதுகிறவை ஒரு குவியல். கதிரையில் இருத்தி, குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவை ஒரு குவியல். வளவைச் சுற்றி நடந்துகொண்டு கேட்கிறவை ஒன்று: மலசலகூடம், மாட்டுக் கொட்டில், உரம் போடுகிற தோட்டம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததுக்குக் கால் வைப்பதில்லை.

படலையடிக் குவியலில் படிவத்தின் கேள்வி ஒன்றுமே விழவில்லை. அதற்கு நானே எழுதினேன். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நாங்கள் கேட்கமுன் அவர்கள்தான் கேட்பார்கள்: “எவடம் பிள்ளை?” அந்தக் கேள்விக்குள் ஊர் மட்டும் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். சாதியை நேரே கேட்காமல் கேட்கிற வழி அது. பல வீடுகளில் என் பதில் கேட்டபிறகு கதிரை வந்ததும் உண்டு, வராமல் போனதும் உண்டு. அதனால் முதற் பிரிவுக்கு ‘கேட்க வந்தவர்’ என்று தலைப்புப் போட்டேன். யார் வந்திருக்கிறார், எதற்கு, இந்த விபரங்களை யார் பார்ப்பார்கள், பட்டியல் எப்போது எங்கே ஒட்டப்படும். இவ்வளவும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நாங்கள் கேட்கப் போவது நூறு. அவர்களுக்குரிய நாலையாவது முதலில் கொடுப்போம்.

கடைசியில் ஒரு துண்டு எஞ்சியது. ‘கிணற்றின் உரிமையாளரது முழுப் பெயர்’. எந்தக் குவியலிலும் அது நிற்கவில்லை. அதை எடுத்துவிட்டால் ஒரு கிணற்றில் எத்தனை வீடு என்று எப்படித் தெரியும்? இரண்டு நாள் அந்தத் துண்டு என் சட்டைப்பையில் இருந்தது.

மூன்றாம் நாள் பண்டத்தரிப்புக்குப் போனேன். ஏச்சு வாங்கத்தான் போனேன் என்றும் சொல்லலாம். அன்ரி மண்வெட்டியோடு தன் வளவுத் தோட்டத்தில் நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் தண்ணீர்ப் பம் ஓடிக்கொண்டிருந்தது.

“வந்திட்டா பாருங்கோ, பேர் திண்டவ. இண்டைக்கு ஆற்றை பேர் வேணும்?”

“ஏசுங்கோ. நான் நிண்டு கேக்கிறன்.”

“ஏச நேரமில்லை. இண்டைக்கு எங்கடை முறை. பின்னேரத்துக்கிடையிலை இறைச்சு முடிக்கோணும். நாளைக்குக் கிழக்கு வீட்டாற்றை முறை, ஒரு நிமிசம் விடமாட்டினம்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். இறைப்பு முறை! இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

“அன்ரி, உந்தக் கிணத்திலை ஆர் ஆருக்கு எந்த நாள் முறை?”

மண்வெட்டியை நிறுத்தாமல், மூச்சு விடாமல் சொன்னார். செவ்வாய் தன்னுடையது, புதன் கிழக்கு வீடு, வெள்ளி கோடிவீடு, ஞாயிறு முன்வீடு. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கனடாவில் இருக்கிற மனிதர் கோபிக்க அதில் எதுவும் இல்லை. அவருக்குத்தான் முறையே இல்லையே.

“அவ்வளவும்தானோ? நாலு வீடுதான் இந்தத் தண்ணி குடிக்குதோ?”

இப்போது மண்வெட்டி நின்றது.

“முறை நாலு வீட்டுக்குத்தான்.”

“நான் குடிக்கிறதைக் கேக்கிறன்.”

அவர் ஒழுங்கையின் முடிவில் இருந்த தகரக் கூரையைப் பார்க்காமல், மோவாயால் மட்டும் காட்டினார். “அவையும் வந்து அள்ளுறவை. வாளியிலை. அவைக்கு முறை கிறை ஒண்டும் இல்லை.”

“முதல் நீங்கள் சொல்லேல்லையே?”

“நீ சொந்தக்காரரைக் கேட்டாய்.” மண்வெட்டியின் மண்ணைத் தட்டிவிட்டு, “அதையும் போடத்தான் வேணுமோ?” என்றார்.

“போடத்தான் வேணும். உங்களை வெட்டினது போல அவையை நீங்கள் வெட்டேலாது.”

அவருக்குக் கோபம் வந்தது. தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு போனது. அதைக் கட்டக் குனிந்தார். நிமிர்ந்தபோது, “அந்த வீட்டிலை ரெண்டு சின்னனுகள் இருக்கு. எழுது” என்றார். 

அறைக்கு வந்து இலவசமாகக் கிடைக்கிற ஒரு தளத்தில் படிவத்தைப் புதிதாகக் கட்டினேன். ‘பிரிவு சேர்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அந்தப் பொத்தான் முன்னரும் இருந்திருக்கத்தான் வேண்டும், யாரும் தொடவில்லை. முதலாவது பிரிவு, கேட்க வந்தவர். இரண்டாவது, கிணறு; கிணறு ஒன்றுக்கு ஒரே ஒரு தரம். அதன் கடைசிக் கேள்விகள் இரண்டு: ‘எந்தெந்த வீட்டுக்கு இறைப்பு முறை உண்டு?’ ‘முறை இல்லாமல் அள்ளுகிற வீடுகள் எவை?’ மூன்றாவது பிரிவு, வீடு. அந்த இரண்டு கேள்விக்கும் எத்தனை வீடு சொன்னார்களோ அத்தனை தரம் இது திரும்பத் திரும்ப வரும். நாலாவது, வளவு. ஒவ்வொரு பிரிவும் முடிய அது வரை சேமிக்கும். சிக்னல் போனால் அந்தப் பிரிவு மட்டும்தான் போகும். ஐந்தாவது பிரிவில், எல்லாவற்றுக்கும் கீழே, சட்டைப்பைத் துண்டை வைத்தேன். கிணற்றின் உரிமையாளர் யார்? சிவப்பு நட்சத்திரம் இல்லை. விரும்பினால் சொல்லுங்கள்.

அன்ரியின் கிணற்றில் தொடங்கி, என் கையால் கெட்ட பங்குக் கிணறு ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. என் ஸ்கூட்டி, என் பெற்றோல், என் கால். உடுப்பிட்டி ஐயா என்னைக் கண்டதும் “கற்பூரம் எத்தினை கட்டி?” என்றார். “ஒரு சுத்துத்தான் ஐயா, இருந்து பாருங்கோ” என்றேன். ஒரு சுற்றில் முடிந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. ஏதோ விட்டுப்போட்டாய் என்று சொல்லி என்னை மறித்துவைத்திருந்தார்.

அந்த மாதக் கூட்டத்துக்குக் கொழும்பில் இருந்து பணிப்பாளர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, களைத்த ஒரு அம்மா. நான் எழுந்து என் பட்டியலை மேசையில் வைத்தேன். பக்கத்து மண்டபத்தில் ஆசிரியர் ஏதோ சமன்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“வெட்டுப்பட்ட வீடுகள் மேடம்.”

வாசித்தார். படிவத்தையும் திறந்து காட்டச் சொன்னார். கடைசிவரை தள்ளிப் பார்த்தார்.

“யாரு உங்களுக்கு பெர்மிஷன் குடுத்தது?”

“ஒருத்தரும் தரேல்லை.”

“ஜனங்களோட குடும்ப அட்டை நம்பரெல்லாம் உங்க சொந்தக் கணக்குல கிடக்குது. அது எவ்வளவு பெரிய பிழைன்னு தெரியுமா?”

“ஓம். தெரியும். அது பிழைதான். இப்பவே எடுத்துப்போட்டு அழியுங்கோ.”

“நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?”

“எட்டு. உங்கடை விண்ணப்பத்திலை அதுக்கு இடம் இல்லை.”

அறையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் எங்கள் மேற்பார்வையாளர் தம்பி எழுந்தார். அவர் எழும்புவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.  பழைய பட்டியலையும் என் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மேடம், இந்த ஒழுங்கையைப் பாருங்கோ. எங்கடையிலை ஒரு வீடு. அக்காவின்ரையிலை அஞ்சு. நான் நேற்றுப் போய்ப் பாத்தனான். அஞ்சு வீடு இருக்கு.”

பணிப்பாளர் இரண்டு பட்டியலையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார். பட்டியலைத் திருத்துவார்கள். படிவத்தை நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றுவார்கள். நான் விதியை மீறினேன், இனி மீறமாட்டேன் என்று ஒரு மன்னிப்புக் கடிதம் தந்தால் என் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள்.

“எழுதத் தெரியுமில்லையா?” என்று கேட்டார். இளக்காரமாகக் கேட்கவில்லை, உதவி வேண்டுமா என்ற மாதிரித்தான் கேட்டார்.

“எழுதத் தெரியும் மேடம். எழுதமாட்டன்.”

பட்டியலை எடுத்தார்கள், என்னை விட்டார்கள். அந்த மாதக் கடைசியில் என் தகரப் பெட்டியை ஸ்கூட்டியின் பின்னால் கட்டினேன். இதற்கு நான் கவலைப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். வேலைகள் போய் வரும். போகாத வேலை ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்போது வேறொரு ஊரில் வேறொரு வேலை. அந்தப் படிவத்தில் இன்று நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது, என் பெயர் எங்கும் இல்லை. இடைக்கிடை இணைப்பைத் திறந்து கடைசிப் பிரிவு வரைக்கும் போய்ப் பார்ப்பேன். உரிமையாளர் கேள்விக்குச் சிவப்பு நட்சத்திரத்தை யாராவது திரும்ப வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான். இன்னும் இல்லை. வைத்தால் நான் போய் நிற்பேன்; அது அவர்களுக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடமுன் ஒருதரம் பண்டத்தரிப்புக்குப் போனேன். ஒழுங்கையில் ஐந்து தாங்கிகள் நின்றன. கடைசித் தகரக் கூரைக்கு முன்னால் நின்றதும் மற்றதுகளைப் போலவே கறுப்பு, அதே அளவு. அன்ரியின் வீட்டு வாசலில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. மகளின் மாமியார் வந்திருந்தார், பார்த்துவிட்டுப் போக. தாங்கியைச் சுற்றி நடந்து, மூடியைத் திறந்து பார்த்து, விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வந்தார். எங்கே சத்தம் மாறுகிறது என்று காது கொடுத்துக் கேட்டார்.

“முக்காலுக்கு மேலை இருக்கு” என்றார்.

“நாளைக்கும் பவுசர் வரும் சம்பந்தி” என்றார் அன்ரி.

“சரி. ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். கூட்டிக்கொண்டு வாறம். பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு கழியுமட்டும் இஞ்சை நிக்கட்டும்.”

அவர் போனபிறகு அன்ரி குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். நான் குடித்தேன். இந்தத் தரம் தாங்கித் தண்ணீரில் போட்டது.

“பெரியையா ரெலிபோன் எடுத்தவர்” என்றார்.

“ஏசினவரோ?”

“தாங்கி வந்ததாமே, அது ஆற்றை பேரிலை எண்டு கேட்டவர்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“என்ரை பேரிலை எண்டு சொன்னன்.” சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, தாங்கி நின்ற பக்கம் பார்த்தார். “சொல்லேக்கை கொஞ்சம் பயமாத்தான் இருந்தது பிள்ளை. ஆனா சொல்லிப்போட்டன்.”